வரப்பு மாறிய கிடை

எனக்குக் கல்யாணமான புதிதில், ஐம்பதுகளின் கடைசியில், பொன்னமராவதிப் பக்கம் இருந்த எங்கள் வயலில் கிடை போட என் கணவர் ஒரு ஆட்டுக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். அறுத்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் படுக்கவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் தேறும். கடையில் விற்ற உர உப்பை அவர் நம்பவில்லை.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தால், அத்தனை ஆடுகளும் வரப்புக்கு அங்கிட்டு, அவருடைய பெரியப்பா மகன் வயலில் படுத்திருந்தன. ஆட்டுக்காரர் இருட்டில் வயல் மாறி அடைத்துவிட்டார். அந்த அண்ணனும் இவரும் வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்தி வருஷக் கணக்காகியிருந்தது. அண்ணன் வரப்பில் உட்கார்ந்து நிம்மதியாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தார். இவர் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

“அண்ணே, இது எனக்குப் பேசின கிடை. புழுக்கையை அள்ளிக்கிறேன்.”

“தாராளமா அள்ளிக்க. மூத்திரத்தை எப்படி அள்ளுவ?”

இவர் யோசித்தார். “மண்ணோட வெட்டி எடுத்துக்கிறேன்.”

“மண்ணு என்னுதுப்பா.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆட்டுக்காரர்தான் குறுக்கே வந்தார். “தப்பு என்னுதுங்க. இன்னைக்கு இங்கிட்டு அடைச்சுத் தாரேன்.”

சாயங்காலம் எங்கள் வயலில் ஆடுகளை அடைக்க வலையால் பட்டி கட்டும்போது அண்ணனே வந்து ஒரு முனையைப் பிடித்தார். ஒரு கிடா மட்டும் பிய்த்துக்கொண்டு அவர் வயலுக்கு ஓடியது.

“விட்டுரு தம்பி, அதுக்கு அங்கதான் பிடிச்சிருக்கு.”

என் கணவர் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.