வியாங்

மருமகள் இன்று கொள்ளு வேகவைத்தாள். அந்த வாசனையில், சின்ன வயதில் அப்பா வேலை பார்த்த உப்பளத்துக் குதிரைக் கொட்டடி அப்படியே எதிரில் வந்து நின்றது. பிரெஞ்சுக்கார துரை கப்பலேறும்போது தன் வெள்ளைக் குதிரையை என் அப்பாவை நம்பித்தான் விட்டுப்போனார், வேறு யாரையும் நம்பவில்லை. துரையைக் காணாமல் அது தீனியைத் தொடாமல் நிற்க, துணை இருந்தால் தின்னும் என்று ரெட்டியார்பாளையத்துக்கு மட்டக்குதிரை வாங்க என்னையும் கூட்டிப்போனார் அப்பா. அங்கே ஒரு செவலை வந்து என் கையை முகர்ந்தது.

"உன்னாட்டமே குள்ளமா இருக்குதே, இதுவா வேணும்?"

"அதுவா வந்துச்சுப்பா, நான் கூப்புடல."

அன்று முதல் இரண்டும் ஒரே தொட்டியில் தின்றன. துரை பாஷையில் 'வியாங்', அதாவது 'வா' என்றால்தான் வெள்ளை வரும். அதைப் பார்த்துச் செவலையும் அந்தச் சொல்லுக்கே பழகிவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளை செத்தது. துரை வீடும் கைமாறி, கொட்டடியை இடிக்க வந்தார்கள். செவலையை வாங்கிய வண்டிக்காரர் "வாடா, வா" என்று இழுத்தும் அது அசையவில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் 'வியாங், வியாங்' என்று முன்னால் நடந்து தெருமுனை வரை கொண்டுபோய்விட்டேன். அங்கிருந்து வண்டிக்காரர் பிடித்துப்போக, அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அந்தச் சொல் வெளியே வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.