நான்காவது ஆள்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஜப்பான்காரன் வந்த நேரத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீடுகளில் இருந்தோம். காலையில் மரவள்ளிக்கிழங்கு, மாலையில் அதே கிழங்கு. நடுவில் செய்ய ஒன்றுமில்லாததால் தண்டவாளத்தோரம் நடந்துகொண்டே இருப்பேன். பத்து வயதில் என் கால் ஓர் இடத்தில் நிற்காது. பிறகும் நின்றதில்லை.

எங்கள் வீட்டில் அரிசிக்குத்தான் பஞ்சம், பந்தாட்டத்துக்கு இல்லை. அப்பா சரக்கு யார்டில் கணக்கெழுதும் கிராணி, ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் அணிக்குக் கோச். அண்ணன் அந்த அணியில் முன்னால் நின்று கோலடிப்பவன். பதினெட்டு வயது. அப்பாவும் மாமாவும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. எல்லாம் ஒரு பெனால்டியால் வந்த வினை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு, பேச வேண்டியதையெல்லாம் திடலில் சண்டையாகப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கவே தனிக் கூட்டம் வரும்.

ஒரு முறை ஜப்பான்காரனிடமிருந்து உத்தரவு வந்தது. ஞாயிறு மாலை கிள்ளான் அணியோடு ஆட்டம். முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் அரிசி. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லோரியில் ஏற்றுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இருந்தும் திடல் நிறைந்துவிட்டது. பசி அப்படி.

அன்று திடலுக்கு வரும் வழியில், யார்டில் மூடு வண்டிகள் காலியாக நிற்பதை அப்பா பார்த்திருக்கிறார். எந்தச் சரக்குக்கும் பதியாத வண்டிகள். அவை யாருக்காக என்று அங்கிருந்த ஒருவன் காதில் சொல்லியிருக்கிறான். அவர் வந்து சேர்வதற்குள் திடலைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றுவிட்டார்கள். இதெல்லாம் பல வருடம் கழித்து, நான் ஈப்போவில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது மட்டும்தான்.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், லேசாகத் தோளால் இடித்ததற்காக எங்கள் ஆள் ஒருவனை அப்பா வெளியே போகச் சொன்னார். மாமா வேட்டியை மடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

“என்ன மச்சான், இடிச்சதுக்கெல்லாம் வெளியவா? கண்ணு தெரியலன்னா வீட்ல படுத்துக்குங்க!”

அப்பா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, விரலை ஆட்டியபடி மெல்ல ஏதோ சொன்னார். மாமா திரும்பிச் சிப்பாய்களை ஒரு முறை பார்த்தார். பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு கத்தினார். வெளியேறியவனின் பிடரியைப் பிடித்துத் தண்டவாளப் பக்கத்து வாசல்வரை திட்டிக்கொண்டே தள்ளிப் போனார். நடுநடுவே அவன் காதருகே குனிந்தார். வாசலில் நின்ற சிப்பாய்கள் சிரித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

அடுத்தது கிள்ளான்காரன் ஒருவன். அவனையும் மாமாவே திட்டியபடி வாசலுக்குக் கொண்டுபோனார்.

“இவருக்கு என்னலா வந்துச்சு? அடுத்தவன் ஆளையும் இவரே வெரட்டுறாரு,” என்றார் என் பக்கத்தில் நின்ற ஒருவர்.

இந்தப் பக்கம் ஒருவன் போனால் அந்தப் பக்கம் ஒருவன். அப்பா நியாயஸ்தர். இடைவேளை தாண்டியபோது இரண்டு அணியிலும் மும்மூன்று பேர் குறைந்திருந்தார்கள். ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டத்தைக் கலைக்க வேண்டும். கலைத்தால் லோரிகள் உடனே உள்ளே வந்துவிடும். ஆகவே பக்கத்துக்கு இன்னும் ஒரே ஒருவனைத்தான் அனுப்ப முடியும்.

கிள்ளானின் நான்காவது ஆளை அப்பா தயங்காமல் அனுப்பினார். எங்கள் பக்கம் திரும்பியபோது விசிலை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தார். மீதி எட்டுப் பேரில் அண்ணனும் ஒருவன். மற்ற பையன்களின் அப்பாக்களும் கோட்டோரம் நின்றிருந்தார்கள்.

மாமாதான் உள்ளே ஓடிவந்தார். “மச்சான்! உங்க மகன் கையில பந்து பட்டுச்சு. பாக்கலயா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோலடிக்கக்கூடிய ஒரே ஆளை அவன் கோச்சே காட்டிக்கொடுக்கிறார்.

“பாக்கல,” என்றார் அப்பா.

“பாக்கலயா, பாக்க மனசில்லயா? மகன்னா சட்டம் வேறயா?”

“போடா வெளிய. மத்தவங்க மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?”

“நான் முழிச்சிக்கிறேன். கேட்டது நான்தானே? கையக் காட்டுங்க மச்சான்.”

இதை மட்டும் மாமா கத்தவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு விரலை நீட்டினார்.

நான் ஓடிப்போய் வாசலருகில் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டேன். “போகாதண்ணே! கையில படவே இல்ல, நான் பாத்தேன்! அப்பாகிட்ட சொல்லலாம், வா!” அவன் உதறிப் பார்த்தான். நான் விடவில்லை. ஒரு சிப்பாயின் சிரிப்பு நின்றது. அவன் எங்களை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தான். அதற்குள் மாமா வந்து விட்ட அறையில் நான் மண்ணில் விழுந்தேன். சிப்பாய் மறுபடி சிரித்தான். நான் எழுந்தபோது அண்ணன் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

அதன்பின் மாமாவையும் அப்பா வெளியே போகச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். மாமா அசையவில்லை. கோட்டோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து, மீதி ஏழு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே ஓடு, யாருக்குக் கொடு என்று கடைசிவரை கத்திக்கொண்டிருந்தார். மூன்று கோலில் தோற்றோம். லோரிகள் வந்தன. கையில் ரயில்வே ஊழியர் அடையாளப் பட்டி இருந்ததால் அப்பாவைத் தொடவில்லை. சிறுவன் என்பதால் என்னையும் விட்டார்கள். மாமா அந்த ஏழு பேரோடு ஏறினார். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். அந்த எட்டுப் பேரில் பின்னால் திரும்பி வந்தவன் ஒருவன்தான். அது மாமா இல்லை. அன்று எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. எங்கேயோ போகிறார்கள், அதுவும் லோரியில்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். சேதி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. அம்மா கிழங்கைத் தட்டுகளில் போட்டாள். நான்தான் நியாயம் பேசினேன்.

“அண்ணன் கையில பந்து படவே இல்ல. மாமா பொய் சொல்லி அண்ணன வெளிய அனுப்பச் சொன்னாரு. நீங்க எதுக்குக் கேட்டீங்க?”

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அம்மா அவரைப் பார்த்தாள். “தம்பியா சொன்னான்?”

“அவன்தான் சொன்னான்.”

அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். அழும் சத்தம் கேட்டது. தன் தம்பி இப்படிச் சொந்த அணியையே கவிழ்த்துவிட்டானே என்ற வெட்கம் என்று நினைத்தேன். அவமானப்படட்டும் என்றும் நினைத்தேன். அவள் திரும்பி வரவில்லை. கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.