உள்ளங்கால் மச்சமும் ஒளித்துவைத்த செருப்பும்

செருப்புக் கடைக்காரனுக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகும், பாதம் மறக்காது. என்னைப் போல ஸ்டூலில் குனிந்தே முதுகு வளைந்துபோனவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

கடல் தாண்டும் யோகம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நாற்பது வருஷமாகக் கடை. என் செருப்பு மணிமுத்தாறு அருவியில் விழுந்தாலும் நீந்தி வீடு வந்து சேரும் என்று சத்தியம் செய்து விற்றவன் நான். ஒருநாள் மேலப்பாளையம் காதர் பாய்க்கு அளவு பார்த்தபோது, வலது குதிகாலின் அடியில் எள்ளளவு கறுப்புப் புள்ளி. "கடல் தாண்டுத யோகம் பாய்!" என்று அடித்துவிட்டேன். மறுமாதமே துபாய் விசா வந்துவிட்டது. சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"உம்ம வாக்கு பலிச்சிட்டு அண்ணாச்சி. இனி சாகுத வரைக்கும் உம்ம கடைச் செருப்புதான் வே!"

நர்ஸம்மா வைத்த குட்டு

அதற்குப் பிறகு மச்ச ஜோசியம்தான் பாதி வியாபாரம். வள்ளியூரிலிருந்து வந்த நர்ஸம்மா ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, மச்சம் புதுசா வந்தாலோ, இருக்கது வளந்தாலோ, ஓரம் கோணினாலோ, நிறம் மாறினாலோ தோல் புற்றாக்கூட இருக்கலாம். வெயில் படாத உள்ளங்கால்லயும் வரும். உடனே டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க. யோகம்னு சொல்லி ஆளைக் கொன்னுராதீங்க!"

வளர்ந்த யோகம்

இரண்டு வருஷம் கழித்துக் காதர் பாய் லீவில் வந்து காலை நீட்டினார். எள், புளியங்கொட்டை ஆகியிருந்தது. ஓரம் கிழித்த காகிதம் மாதிரி. பாதி கறுப்பு, பாதி பழுப்பு. டாக்டரிடம் காட்டுங்கள், நான் சொன்ன யோகம் பொய் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீரு இதுவரைக்கும் விட்ட கதையில இதுதான் பெருசு வே!"

ஒற்றைச் செருப்பு

அவர் கண்ணாடி பார்த்த நேரத்தில் அவருடைய வலது செருப்பை ஒளித்துவிட்டேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் கிடைக்கும்" என்று ஒற்றைச் செருப்போடு ஆட்டோவில் ஏற்றினேன். சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான். நல்லவேளை, ஆழமாக இறங்கவில்லை, பரவவும் இல்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்ததோடு தப்பினார். வள்ளியூர்த் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அந்த அம்மா அதட்டியிராவிட்டால் இந்த வாய் இன்னொரு தடவையும் யோகம்தான் சொல்லியிருக்கும்.

புண் ஆறி, பைய நடந்து கடைக்கு வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு காதோரம் கேட்டார்:

"உசிரு கெடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். என் வலது செருப்பு எங்க வே?"

இப்போதெல்லாம் ஊர்க்காரர்கள் வந்து உள்ளங்காலை மட்டும் காட்டிவிட்டுச் செருப்பு வாங்காமலே போய்விடுகிறார்கள், வியாபாரம் படுத்துவிட்டது, நான் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.