நாலு மணித் தண்ணீர்

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் குடிதண்ணீரை நானே அடைத்தேன். தெரியாமல் இல்லை... தெரிந்தே அடைத்தேன்!

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. பதுளை நகரத்துக் குடிநீர் வீணாகாமல் காக்க ஒரு திட்டம் வந்தது. மலை ஊற்றிலிருந்து நகரம் வரை, தொட்டிக்குத் தொட்டி, நீரோட்டத்தை அளக்கும் உணரி. பக்கத்திலேயே ஒரு சிறு கணினி. அவை தமக்குள் செய்தி பரிமாறி, எந்தக் குழாயை எப்போது மூடுவது என்று தாமே தீர்மானிக்கும். எது கசிவு, எது சனத்தின் அன்றாடப் பாவனை என்று அவற்றுக்குச் சொல்லிவைப்பது என் வேலை.

ஹாலிஎலவுக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்துக் குழாயில், விடியற்காலை நான்கு மணிக்கு நீர் மளமளவென்று இறங்கியது.

"சனம் நித்திரை கொள்ளுற நேரம். கசிவாத்தான் இருக்கும், என்ன?" என்றார் யாழ்ப்பாணத்து மேலதிகாரி.

எனக்கா தெரியாது? வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஓடுமுன் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரமல்லவா அது! என் அம்மாவும் நின்றவள். ஆனால், 'உமக்கு எப்படித் தெரியும்?' என்று அவர் கேட்டுவிட்டால்... நான் லயத்துப் பிள்ளை என்பதை அந்த அலுவலகத்தில் எவரும் அறியார்.

"ஓம் ஐயா, கசிவுதான்" என்றேன், அவருடைய பேச்சிலேயே. கணினிக்கும் அப்படியே சொல்லிவைத்தேன்; நாலு மணியானால் அது அந்தக் குழாயை மூடியது.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு ராக்கம்மா வந்தாள். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இருந்தவள். அக்கா, அக்கா என்று அவள் பின்னால் திரிந்தவன் நான்.

"நாலு மணிக்குத் தண்ணி நின்னுபோகுதுங்கய்யா. திரும்ப வாரப்ப நாங்க பெரட்டுல நிக்கிறோம். இருட்டுல ஓடைக்கு எறங்க வேண்டியிருக்கு... வழுக்குதுங்க."

"கம்பியூட்டர் பிழை விடாது" என்றேன், அவள் முகத்தைப் பாராமல்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில், "அம்மா சொகமா இருக்காங்களா, தம்பி?" என்றாள்.

தெரிந்துகொண்டேதான் அத்தனை நேரமும் 'ஐயா' என்றிருக்கிறாள்! என் மானத்தை அவள் காப்பாற்றிவிட்டுப் போனாள். நான்? ஒரேயொரு கட்டளையை மாற்றினால் போதும். மாற்றவில்லை.

அடுத்த மழையில் ஓடைப் பாறையில் குடத்தோடு விழுந்தாள். இடுப்பு முறிந்தது. அதன்பின் அவள் கொழுந்து பறிக்கப் போகவேயில்லை.

அப்போதாவது திருத்தினேனா? திருத்தினால் காரணம் கேட்பார்களே! நகரம் மிச்சப்படுத்திய தண்ணீருக்காகக் கூட்டம் போட்டு என்னைப் பாராட்டினார்கள். பாவி, சிரித்துக்கொண்டு நின்றேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளிடம் போக எனக்குக் கால் வரவில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு லயத்து நினைவு வந்துவிடும்.

"நம்ம ராக்கு எப்புடிடா இருக்கா?"

"சொகமா இருக்காம்மா" என்கிறேன்.