மான் நக்கிய வலை

திருகோணமலைக் கடற்கரையில் ஜெயரூபியின் வீட்டுக்கு முற்றம் கிடையாது, மதில் மட்டுந்தான். நாள் முழுக்க மீன் வெட்டிய களைப்போடு, கணவன் தம்பிராசாவின் பழைய வலையை மதிலில் கட்டினாள். வெட்டிய போத்தல்களில் வல்லாரை நட்டு அதில் தொங்கவிட்டாள். ஊற்றிய தண்ணீர் வலையில் வழிந்து போத்தல்களுக்குள் இறங்கியது. எல்லாம் கருகின. திரும்ப நட்டாள், திரும்பவும் கருகின. மண்ணைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணையும் விடவில்லை.

ஒரு காலை, ஊருக்குள் திரியும் மானொன்று மதிலடிக்கு வந்தது. இலையைச் சீண்டாமல் வலையையே நக்கியது. அதைக் கண்ட ஜெயரூபி தம்பிராசாவைக் கூப்பிட்டாள்.

“உப்பு! ஏனப்பா, வலையைக் கழுவாமலோ தந்தனீங்கள்?”

“கடல்ல போடுற வலையை ஆரும் உப்புப் போகக் கழுவுவினமோ? சரி, நாளைக்குக் கழுவித் தாறன்.”

ஜெயரூபி படியில் குந்தினாள்.

“வேண்டாம். இனி என்னால நட ஏலாது. அந்த மானாவது ஆசைதீர நக்கட்டும்.”