நனையாத கயிறு

கோவிந்தன் கயிற்றுச் சுருளை மூக்கருகே பிடித்து முகர்கிறார். பிறகு கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறார். ஈர வாடை துளி இருந்தாலும் அன்றைக்கு அளவு கிடையாது. யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் இடிபட்டு வேலப்பன்சாவடியில் இறங்கி நடந்து வந்தவராக இருந்தாலும், "கவுறு குளிச்சிக்கினு கீது, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நூம்பலில் நிலம் பிரிக்க வேண்டுமென்றால் இவர்தான் வர வேண்டும். பூந்தமல்லியில் மூன்றாம் பாரம் வரை படித்தவர். படித்ததெல்லாம் காற்றோடு போக, மண்டையில் தங்கியது சமபக்க முக்கோணத் தேற்றம் ஒன்றே ஒன்று. இரண்டு முளை அடித்து, அவற்றுக்கிடையே கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். அந்தக் கோடுதான் நடு வரப்பு. முடிச்சை மாற்றாமல் ஒவ்வொரு முளையிலிருந்தும் மண்ணில் ஒரு வில் கீறுவார். இரண்டு வில்லும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கோடிக் கல். வரப்புக்கு மறுபக்கமும் அப்படியே.

"நடு வரப்பு ரெண்டு பேருக்கும் பொது. மத்த பக்கமெல்லாம் இதே கவுறு. மூணு பக்கமும் ஒண்ணா இருக்கறப்போ மூலை மட்டும் எங்க ஓடும்?" என்பார்.

புளிச்சைச் செடியின் நாரில் திரித்த கயிறு நனைந்தால் சுருங்கும். பாதி வேலையில் சுருங்கினால் பக்கத்துக்கு ஒரு நீளம் ஆகிவிடும். ஆகவே மழைக்காலத்தில் மனைவி எல்லம்மா நனைந்தாலும் நனைவாள், கயிறு நனையாது. அடுப்புக்கு மேலே பரணில் அது சுகமாகக் குடியிருக்கும். அவள்கூட அதைத் தொடக் கூடாது.

போன மாசியில், அவரே பிரித்துக்கொடுத்த நிலத்தை மறுபடி அளக்கக் கூப்பிட்டார்கள். அண்ணன் மணவாளன், தம்பி திருவேங்கடம். தன் துண்டு இளைத்துவிட்டது என்றான் தம்பி. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்றான் அண்ணன். தம்பியின் கோடிக் கல்லுக்கு அப்பால் கிடப்பது அண்ணனுக்கு மாமனார் கொடுத்த நிலம். தம்பியின் இடுப்பில் வெட்டுக்கத்தி இருந்தது. உறவுக்காரர்கள் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்றார்கள்.

அண்ணன் பக்கத்து வில்லிரண்டும் கல்லின் தலையிலேயே வெட்டிக்கொண்டன. கோவிந்தன் தம்பி பக்கம் போய்க் கயிற்றை விறைப்பாக இழுத்தார். நுனி கல்லைத் தாண்டி, அண்ணன் விதைத்த கொள்ளுக்குள் ஒரு சாண் போய் நின்றது. கல்லின் அடியில் புது மண். நிமிர்ந்து பார்த்தார். தூரத்தில் மணவாளன் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஒரு தலை உருளும். மறைத்தால், பொய்யே சொல்லாத தன் கயிற்றைப் பொய் சொல்லவைத்ததாகும். மண்ணில் கீறாமல் கயிற்றைச் சட்டென்று தளர்த்தினார்.

"இன்னா மாமா, நிறுத்திட்டே?" என்று கேட்டபடி திருவேங்கடம் வரப்பை விட்டிறங்கி நடந்து வந்தான். கை கத்திப் பிடியில் இருந்தது.

பக்கத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தன் புது மண்ணின்மேல் ஒரு காலை வைத்து மறைத்துக்கொண்டு, மறு காலால் கயிற்றைத் தண்ணீருக்குள் தள்ளினார். அவன் வந்து சேர்ந்தபோது அதை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சிபோச்சி நைனா. இன்னிக்கு அளந்தா தப்பாப் பூடும்," என்றார். பிறகு மணவாளனுக்கும் எட்டும்படி குரலை உயர்த்தினார். "கவுறு காய ஒரு ராவு முழுக்க கீது. காலைல வரேன். காஞ்ச கவுறு கல்லு மேலதான் வந்து நிக்கும்."

மணவாளன் தலை நிமிராமலே ஆட்டினான். திருவேங்கடம் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். கத்திப் பிடியிலிருந்த கை மெல்ல இறங்கியது.

கோவிந்தன் கயிற்றைச் சுருட்டினார். வழக்கம்போல முகர்ந்தார். சொட்டச் சொட்ட அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.