வெள்ளைத் துணி கட்டிய வேன்

டிக்கோயாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்களில் ஒன்றை மட்டும் ஒரு பெண் ஓட்டுகிறாள். பெயர் கிருஷாந்தி. ஆறு வருஷம் கொழுந்து பறித்தவள், ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு லைசன்ஸ் எடுக்கப் போனாள். முதல் மாதம் தாய்மார் பிள்ளைகளை ஏற்றிவிடத் தயங்கினார்கள். இப்போது அவளுடைய ஹோர்ன் சத்தத்தை வைத்துத்தான் தோட்டத் தொழிலாளர்களின் மூன்று லயங்களில் காலை வேலை நடக்கிறது.

விடுமுறை வந்தால் மட்டும் வேன் சும்மா நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வேனை விற்றுவிடலாம் என்று கொழும்பில் வேலை செய்யும் கணவன் போனில் இரண்டு முறை சொல்லிவிட்டான். மூன்றாம் முறை சொல்ல விடக்கூடாது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் லாபிர் கூப்பிட்டார்.

ஹட்டனில் கடை வைத்திருக்கும் லாபிர், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் சின்னதாக ஒரு விடுதி தொடங்கியிருந்தார். நுவரெலியாவில் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து ஏழு கயாக் வாங்கியிருந்தார். ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய பிளாஸ்டிக் படகுகள். முதலில் ஒன்றைக் கொண்டுவா, நெளியாமல் கீறாமல் வந்தால் மீதி ஆறும் உனக்குத்தான், அதற்குப் பிறகு மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கும் காசல்ரீக்கும் படகு ஏற்றிப்போகிற வேலையும் உனக்குத்தான் என்றார். ஒரு நெளிவு இருந்தாலும் லொறிக்காரனிடம் போய்விடுவேன் என்றும் சொன்னார்.

கிருஷாந்தி நுவரெலியாவுக்குப் போய்ப் படகை வேன் கூரையின் கெரியரில் அடிப்பாகம் கீழே இருக்கும்படி வைத்தாள். படகோடு, அதைக் கட்ட அகலமான இரண்டு பட்டிகளும் கொடுத்தார்கள். பள்ளிப் பை வார் மாதிரி இருந்த அவற்றை அவள் நம்பவில்லை. மூன்று கல்யாணப் பெண்களின் அலுமாரிகளைக் கொண்டுவந்த நைலோன் கயிற்றை எடுத்து, காலை ஊன்றி, மூச்சுப் பிடித்து இறுக்கினாள். கீறல் விழக்கூடாது என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த புது வெள்ளைப் படுக்கை விரிப்பால் படகை மூடினாள். வால் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டியிருக்கிற சுமைக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும், கைவசம் இல்லை. விரிப்பின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

நானுஓயா வளைவில் எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது. தலவாக்கலையில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். பெண் வண்டி ஓட்டுவதற்கு இந்த ஊரில் கடைசியில் மரியாதை வந்துவிட்டது என்று கிருஷாந்தி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கொட்டகலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினாள். கடைக்காரர் செல்லசாமி ரேடியோவை அணைத்தார். உள்ளே இருந்த நான்கு பேரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

"யாரும்மா தவறுனது? எந்தத் தோட்டம்?" என்றார் செல்லசாமி, குரலைத் தாழ்த்தி.

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை மூடிய நீளமான சுமை, வாலில் ஆடும் வெள்ளைத் துணி. சாவு வீடுகளுக்கு எத்தனையோ வெள்ளைக் கொடி கட்டிய கைதான்.

"யாரும் தவறலண்ணே. படகு."

"படகா? சும்மா சொல்லாத. இவரு தோள் குடுக்கிறதுக்குத் துண்டையும் மடிச்சுப் போட்டுட்டாரு." செல்லசாமி பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்.

அவர்களை நம்பவைக்க விரிப்பை இழுத்தாள். சிரிப்பு எழுந்தது. அவள் மட்டும் கெரியரை எட்டிப் பார்த்தாள். கெரியர் கம்பி அழுத்திய இடத்தில் படகின் அடிப்பாகம் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. கயிறு இறுக்கிய இறுக்கத்தில், ஏறு வெயிலில், பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்துவிட்டது.

கயிற்றை அவிழ்த்தாள். வீட்டில் நசுங்கிய தண்ணீர்க் கேனைச் சுடுதண்ணீர் ஊற்றி நிமிர்த்தியது நினைவுக்கு வந்தது. செல்லசாமியிடம் சுடுதண்ணீர்க் கேத்தலைக் கேட்டாள்.

"தேத்தண்ணிக்குப் போட்ட தண்ணி," என்று முனகிக்கொண்டே அவர் கொண்டுவந்தார். தோள் கொடுக்க வந்த நால்வரும் படகை இறக்கிப் பிடித்தார்கள். முதல் கேத்தலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதை மெல்ல ஊற்றி உள்ளேயிருந்து உள்ளங்கையால் தள்ளினாள். 'டொக்' என்று குழி மேலே வந்தது. தடவிப் பார்த்தால் மட்டும் தெரிகிற சின்ன மேடு மிஞ்சியது.

இந்த முறை படகைக் கவிழ்த்து வைத்தாள். கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. அதை மடித்துக் கம்பிக்கு மேல் போட்டாள். தலையில் மாட்டும் கூடைக் கயிறு கூடையை நெரிப்பதில்லை, நழுவாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆறு வருஷம் தலையில் சுமந்தது இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இரண்டு பட்டிகளையும் காற்றில் இரையாமல் ஒருமுறை முறுக்கிப் போட்டு, படகு அசையாத அளவுக்கு மட்டும் இழுத்தாள். மூக்கிலிருந்து ஒரு கயிற்றை முன் பம்பருக்குக் கட்டினாள். தளர்ந்தால் கண்ணாடி வழியே தெரியும். செல்லசாமி கடை மேசையின் சிவப்பு விரிப்பில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். வாலில் வெள்ளைத் துணி இருந்த இடத்தில் அதைக் கட்டினாள்.

ஹட்டனில் ஒருமுறையும் டிக்கோயாவில் ஒருமுறையும் நிறுத்திப் பட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காசல்ரீயில் லாபிர் வாசலிலேயே நின்றார். முகம் வாடியிருந்தது. அவள் வண்டியில் சவம் போகிறது என்று தலவாக்கலையிலிருந்து யாரோ போன் செய்திருந்தார்களாம்.

"உங்க படகு உசுரோட வந்திருக்குங்க," என்றாள் கிருஷாந்தி. பிறகு ஒன்றையும் மறைக்காமல் குழிந்ததையும் நிமிர்த்தியதையும் சொல்லி, அந்த மேட்டின் மேல் அவருடைய விரலை வைக்கச் சொன்னாள்.

லாபிர் தடவினார். படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒரு சொட்டும் ஏறவில்லை.

"மத்த ஆறையும் எப்ப எடுக்கிற?" என்றார்.

"நாளைக்குக் காலையிலயே. வெயில் ஏறுறதுக்கு முந்தி."

அவள் பட்டிகளைச் சுருட்டி முன் சீட்டில் வைத்தாள். படகின் வாலிலிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்துக் கெரியரில் கட்டினாள். அதோடுதான் வேன் டிக்கோயாவுக்குத் திரும்பியது.